டிரம் சாண்டரில் ஓடிய பழைய தேக்கு, ராத்திரி எரிந்த தூள் பை: ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரைப் பக்கம் ஒரு மரப்பட்டறை. ஒரு சனிக்கிழமை ராத்திரி பத்தரை மணிக்கு அங்கே மரத்தூளை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் டஸ்ட் கலெக்டரின் கீழ்ப் பை தீப்பிடித்து எரிந்தது. பட்டறையைப் பூட்டி நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது, மெயின் சுவிட்ச் அணைத்திருந்தது, உள்ளே ஆளும் இல்லை. யாருக்கும் காயமில்லை. கலெக்டர் போயிற்று, அதற்கு நேர் மேலே இரண்டு கூரைத் தகடு வளைந்தது, சுவரோரம் சாத்தியிருந்த ஆறு பலகை கரியாயிற்று. மெஷின் பராமரிப்புக்கு அங்கே அவ்வப்போது போகிறவன் என்பதால் திங்கட்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். நல்லவேளையாக யாரும் வந்து "மின்கசிவு" என்று எழுதிவிட்டுப் போவதற்கு முன்பே கூப்பிட்டார்கள், அதனால் எல்லாம் கிடந்தபடியே கிடந்தது.

நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தீ ராத்திரி பிடித்த தீ இல்லை. மதியம் மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள் டிரம் சாண்டரில் (உப்புத்தாள் சுற்றிய உருளை சுழன்று பலகையைத் தேய்க்கும் மெஷின்) உண்டான கங்கு அது, பைக்குள் போய்ப் புதைந்து, வெளியே வர அத்தனை நேரம் எடுத்துக்கொண்டது. டிரம் சாண்டர் என்றதும் விரல் உள்ளே போய்விடுமோ என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதும்தான். ஆனால் அந்த மெஷின் சூடாகிறது என்பதை யாரும் ஒரு ஆபத்தாகவே எடுத்துக்கொள்வதில்லை.

வேலை என்னவென்றால், காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றை இடித்தபோது கிடைத்த பர்மா தேக்குப் பலகைகளை ஒரே கனத்துக்குத் தேய்த்து மேசைப் பலகை செய்வது. பழைய தேக்குக்கு இருக்கும் மவுசு தெரிந்ததுதானே. மரம் சீவும் பிளேனரில் போட்டால் ஆணி பட்டு பிளேடு போய்விடும், அதனால் இந்தப் பட்டறையில் பழைய மரத்தை நேராக சாண்டருக்கே அனுப்பும் பழக்கம். அந்தப் பழக்கத்திலிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. பழைய வீட்டுத் தேக்கில் எண்ணெய் இருக்கும், அதற்கு மேல் பல வருடத்து அரக்குப் பாலிஷ் இருக்கும், சில பலகையில் அதற்கும் மேல் பெயிண்ட் இருக்கும். அரக்கு 75, 80 டிகிரியிலேயே இளகிவிடும் சாமான். சாண்டரின் தாளுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. (பெயிண்ட் விஷயம் தனி. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை மெஷினில் தேய்த்துத் தூளாக்கி மூச்சில் இழுக்கிற வேலையை யாரும் செய்ய வேண்டாம். அதைத் தனியாக எடுத்துவிட்டுத்தான் மரம் சாண்டர் பக்கமே வர வேண்டும்.)

மெஷின் சாதாரணமானதுதான். இரண்டடி அகலம், ஐந்து அங்குல விட்டமுள்ள ஒற்றை டிரம், 5 ஹெச்பி த்ரீ பேஸ் மோட்டார், நிமிடத்துக்கு 1,440 சுற்று. கணக்குப் போட்டால் டிரம்மின் மேற்பரப்பு நிமிடத்துக்கு 570 மீட்டர் அளவில் ஓடுகிறது, அதாவது மணிக்கு 34 கிலோமீட்டர் வேகம். அடியில் கன்வேயர் பெல்ட் மரத்தை மெதுவாக உள்ளே கொண்டுபோகும், டிரம்முக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு அழுத்து ரோலர் மரத்தைப் பிடித்துக்கொள்ளும், டிரம் மட்டும் மரம் வருகிற திசைக்கு எதிராகச் சுற்றும். தாள் மூன்று அங்குல அகலப் பட்டையாக, சாய்வாக, டிரம்மைச் சுற்றி வந்து இரண்டு முனையிலும் கிளிப்பில் மாட்டியிருக்கும். வலது முனைக் கிளிப்பில் ஒரு ஸ்பிரிங் உண்டு. தாளின் முதுகு துணி, ஓடிச் சூடானால் கொஞ்சம் நீளும், அந்தத் தொய்வை ஸ்பிரிங் இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்கிற எல்லையைத் தாண்டித் தொய்ந்துவிட்டால் பட்டையின் ஒரு ஓரம் பக்கத்துச் சுற்றின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். புதுத் தாள் மாட்டினால் நாலைந்து பலகை விட்டபிறகு நிறுத்தி, கவரைத் திறந்து, தொய்வை ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

அன்றைக்கு நடந்ததை மேஸ்திரியிடமும் ஹெல்பர் தம்பியிடமும் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டு பேர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போனது. காலை பதினொன்றரைக்கு ஒரு பலகையில் தலை ஒடிந்த ஆணி ஒன்று மரத்துக்குள் மறைந்து கிடந்து டிரம்மில் பட்டது. டப்பென்று சத்தம், ஒரு பொறி, அவ்வளவுதான். மெஷினை நிறுத்தி ஆணியைப் பிடுங்கிப் போட்டார்கள். தாளில் ஒரு கீறல் விழுந்திருந்தது, கிழியவில்லை. புது ரோல் சனிக்கிழமை கிடைக்காது, திங்கட்கிழமை டெலிவரி. சரி, ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பையை அவிழ்த்து, தூளைச் சாக்கில் கொட்டி வெளியே வைத்துவிட்டு, ஒன்றரைக்குக் காலிப் பையை மறுபடி மாட்டினார்கள். சாதாரணமாக நடக்கிற இந்த வேலைதான் பிறகு எனக்குப் பெரிய துப்பாக அமைந்தது.

இரண்டு மணிக்கு மேல் பலகையில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு விழ ஆரம்பித்திருக்கிறது. ஒரே இடத்தில், பலகை நெடுக, பென்சில் கனத்துக்கு.

"அண்ணே, கருகுற வாசனை வருதுண்ணே" என்று தம்பி சொல்லியிருக்கிறான்.

"தேக்குன்னா அப்படித்தான்டா வரும், எண்ணெய் மரம்" என்றாராம் மேஸ்திரி.

மூன்று மணிக்கு மேல் மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் தானாக நிறுத்திவிடும் ஓவர்லோட் ரிலே இரண்டு தடவை டிரிப் ஆனது. முதல் தடவை ரீசெட் செய்து ஓட்டினார்கள். இரண்டாம் தடவை ரிலேயின் சின்ன டயலை ஸ்க்ரூடிரைவரால் திருப்பி 7.5 ஆம்பியரிலிருந்து 9க்குக் கொண்டுபோய்விட்டார்கள், அதற்குப் பிறகு டிரிப் ஆகவே இல்லை. திங்கட்கிழமை நான் பேனலைத் திறந்தபோதும் டயல் 9லேயேதான் நின்றது. அதோடு, மோட்டார் திணறுகிறதே என்று கன்வேயர் வேகத்தையும் குறைத்தார்கள். மெதுவாகப் போனால் மெஷினுக்குச் சுமை குறையும் என்ற கணக்கு. ஒரு விதத்தில் சுமை குறையத்தான் செய்யும். ஆனால் மரத்தின் ஒவ்வொரு இடமும் டிரம்முக்கு அடியில் இன்னும் அதிக நேரம் தேய்படும், தாளில் அடைந்த பிசின் அதே இடத்தில் மறுபடி மறுபடி உரசும், சூடு ஏறும். கருகினால் வேகத்தைக் கூட்டி ஆழத்தைக் குறைப்பதுதான் முறை. புதிதாக மெஷினைத் தொடுகிற எவருக்கும் இது தலைகீழாகத்தான் தோன்றும்.

ஆழத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்த மெஷினில் கைச்சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கு 1.6 மில்லிமீட்டர் இறங்குகிறது. தம்பியைச் சுற்றிக் காட்டச் சொன்னேன். பழக்க தோஷத்தில் கால் சுற்று சுற்றினான், அதாவது 0.4 மில்லி. மாட்டியிருந்தது 80 நம்பர் தாள். 80 நம்பரில் தாளில் ஒட்டியிருக்கும் ஒரு மணலின் அளவு சராசரியாக 200 மைக்ரான், 0.2 மில்லி. மணல் அளவுக்கு மேல் ஆழம் கேட்டால் மணலின் நுனி வெட்டுவதற்குப் பதிலாக மணலுக்கு இடையில் இருக்கிற பசையும் பிசினும் மரத்தில் உரசும். தூள் ஒதுங்க இடம் இருக்காது, அங்கேயே அரைபட்டு இறுகும். இந்தக் கணக்கை நான் எல்லாப் பட்டறையிலும் சொல்வேன்: ஒரு தடவை விடுவதற்கு மணல் அளவே உச்சவரம்பு. 60 நம்பருக்கு 0.27, 80க்கு 0.2, 120க்கு 0.12, 180க்கு 0.08. கால் சுற்றை அரைக்கால் (எட்டில் ஒரு பங்கு) சுற்றாக்கினாலே 80 நம்பருக்குச் சரியாகிவிடும். பலகை வளைந்திருந்தால் அதன் மேட்டில் டிரம் லேசாகத் தொடுகிற இடத்திலிருந்து கணக்கை ஆரம்பிக்க வேண்டும். பள்ளத்தைப் பார்த்து டிரம்மை இறக்கினால் மேட்டில் முதல் தடவையிலேயே ஒரு மில்லி ஆழம் விழுந்துவிடும்.

கவரைத் திறந்ததும் பதில் கண்ணெதிரே இருந்தது. ஆணி கீறிய இடத்திலிருந்து துணி கொஞ்சம் பிரிந்து, பட்டை தொய்ந்து, ஒரு ஓரம் பக்கத்துச் சுற்றின் மேல் விரற்கடை அளவு ஏறியிருந்தது. ஏறிய இடம் மற்ற இடத்தைவிட உயரம், அதனால் முழு அழுத்தமும் அங்கேதான். அந்த இடத்தில் தாள் தாளாகவே இல்லை. பிசினும் அரக்கும் உருகிப் படிந்து கருப்பாக, வழவழவென்று, அடுப்படியில் பால் பொங்கி ஊற்றிக் காய்ந்த தழும்பு மாதிரி மின்னியது. நகத்தால் சுரண்டினால் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. டிரம்மின் ஓரத்திலிருந்து அளந்தேன், 17 சென்டிமீட்டர். எரியாமல் மிஞ்சிய பலகைகளைக் கன்வேயரில் அவர்கள் வைக்கிற மாதிரியே இடது ஓரத் தடுப்பை ஒட்டி வைத்து, பழுப்புக் கோட்டை அளந்தேன். அதுவும் 17. ஒரே மாதிரி பலகைகளை ஒரே இடத்தில் வைத்தே விட்டதால் தாளின் அந்த ஒரு பகுதிக்குத்தான் மொத்த உழைப்பும். வலதும் இடதுமாக மாற்றி வைத்திருந்தாலோ, பலகையைக் கொஞ்சம் சாய்த்து விட்டிருந்தாலோ, இவ்வளவு சீக்கிரம் அடைந்திருக்காது.

இனி மற்ற சந்தேகங்கள். முதலாளிக்குப் பீடி மேல் சந்தேகம். பை உள்ளேயிருந்து எரிந்திருக்கிறது, வெளியேயிருந்து இல்லை. கீழ்ப் பை கண்ணாடி மாதிரியான பாலிதீன், மேலே இரும்பு வளையத்தில் பட்டி போட்டு இறுக்கியது. மிஞ்சிய தூளைக் கரண்டியால் அடுக்கடுக்காக எடுத்தபோது மேலடுக்கு பழுப்பாகவே இருந்தது, நடுவில் ஒரு கூடு மாதிரி கரி, அங்கிருந்து ஒரு பக்கமாகக் கரி நகர்ந்து பாலிதீனைத் தொட்டிருக்கிறது. பாலிதீன் உருகி, கங்குத் தூள் தரையில் சரிந்து, அங்கே காற்றும் காய்ந்த மரச்சீவலும் கிடைத்ததும்தான் தீ. எண்ணெய்த் துணி சந்தேகமும் இருந்தது. ஆளி விதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும், பல பட்டறையைத் தின்றது அது. ஆனால் இங்கே பாலிஷ் அறை தனி, துணிகள் கொடியில் விரித்தபடி அப்படியே தொங்கின. மின்சாரம் மெயினிலேயே அணைத்தாயிற்று, கலெக்டர் மோட்டாரின் சுருளில் கருகல் வெளிப்பக்கம் மட்டும்தான்.

மிஞ்சியது ஆணிப் பொறி. இதுதான் எனக்கே வலுவாகத் தெரிந்தது, ஏனென்றால் இந்த மாதிரிச் சின்ன கலெக்டரில் தூள் முதலில் விசிறிக்குள் போய், அப்புறம்தான் பைக்குப் போகும். ஆணித் துண்டு உள்ளே போனால் இரும்பு விசிறியில் இன்னொரு முறை பட்டு இன்னொரு பொறி கிளம்பும். ஆனால் ஆணி பட்டது பதினொன்றரைக்கு. மதியம் கொட்டிய சாக்கு வெளியே பத்திரமாக இருந்தது. அதில் ஸ்பீக்கர் காந்தத்தை விட்டுத் துழாவினேன், ஒடிந்த ஆணி நுனி ஒட்டிக்கொண்டு வந்தது. எரிந்த பையின் சாம்பலிலும் மிஞ்சிய தூளிலும் துழாவினேன், ஒன்றுமே இல்லை. ஆக, ஆணி தீ வைக்கவில்லை, தாளைக் கீறியது, அதற்கு மேல் அதன் பங்கு இல்லை. பொறி என்பது சின்னது, குழாயில் ஓடுகிற காற்றிலேயே பெரும்பாலும் அணைந்துவிடும். இறுகிய பிசினும் மரமும் கலந்த ஒரு கரிச்சில்லு அப்படி இல்லை, அது கனன்றுகொண்டே போய் உட்காரும், அதன் மேல் புதுத் தூள் விழுந்து மூடும், மூடிய தூளே அதற்குப் போர்வை. படிந்து கிடக்கும் மரத்தூள் கனன்று பிடிக்க, காற்றில் பறக்கிற தூளுக்கு வேண்டிய சூட்டைவிடக் குறைந்த சூடே போதும்.

வாட்ச்மேன் அண்ணன் ஒன்பது மணிக்கே வாசனை பிடித்திருக்கிறார், பக்கத்துத் தோப்பில் சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்துவிட்டார். பத்தரைக்கு ஷட்டர் இடுக்கில் புகை. அவர் செய்த ஒரு காரியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். தோட்டத்து ஹோஸைக் கொண்டுவந்து, வாயை விரலால் அழுத்தி, மழை மாதிரித் தூறலாகவே விட்டிருக்கிறார். சுவரில் தொங்கிய பவுடர் தீயணைப்பு சிலிண்டரை எடுத்துப் பையின் மேல் பீய்ச்சியிருந்தால் அந்த வேகத்தில் தூள் முழுக்க எழும்பியிருக்கும், எழும்பிய தூளுக்குப் பக்கத்திலேயே கங்கு. அப்புறம் அது தீ விபத்தாக இருந்திருக்காது, வெடிப்பாக ஆகியிருக்கும்.

மரத்தூள் வெடிக்குமா என்று அங்கேயே இரண்டு பேர் சிரித்தார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஜனவரி 20 அன்று பர்ன்ஸ் லேக் ஊரில் பாபின் மர அறுவை ஆலை வெடித்து இரண்டு பேர் செத்தார்கள், 20 பேருக்குக் காயம். மூன்று மாதம் கழித்து ஏப்ரல் 23 அன்று அதே மாகாணத்தில் பிரின்ஸ் ஜார்ஜ் நகரின் லேக்லேண்ட் ஆலை வெடித்தது, அங்கேயும் இரண்டு சாவு, 22 காயம். வண்டு அரித்துக் காய்ந்துபோன பைன் மரங்களை அப்போது அங்கே அறுத்துக்கொண்டிருந்தார்கள், தூள் மெல்லியது, காய்ந்தது. வெடித்தது மரத்தூள்தான், பற்றவைத்தது சுழலும் பாகங்களில் உண்டான உராய்வுச் சூடாக இருக்கலாம் என்றுதான் விசாரணையில் சொன்னார்கள். ஆலை அளவு வேறு, பட்டறை அளவு வேறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அறுவைத் தூளைவிட சாண்டர் தூள் இன்னும் மெல்லியது. அந்தப் பட்டறையின் கூரைச் சட்டத்தில் விரலை வைத்து இழுத்தேன், அரை விரல் புதைந்தது. அமெரிக்கத் தீத்தடுப்பு நெறியில் மரப்பட்டறைத் தூள் படிவுக்குச் சொல்லும் வரம்பு 3.2 மில்லி. மூச்சுக்கும் இதே தூள்தான் எமன். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. தம்பி முகத்தில் கட்டியிருந்ததோ கைக்குட்டை.

தீயை விசாரிக்கப் போன இடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. அதே மதியம், நீளப் பலகையில் அறுத்துப் போட்ட ஒரு துண்டைத் தம்பி சும்மா விட்டுப் பார்த்திருக்கிறான். நாலங்குலம் இருக்குமாம். முன் ரோலர் விட்டுவிட்டது, பின் ரோலர் இன்னும் பிடிக்கவில்லை, நடுவில் டிரம் ஒன்றுதான். டிரம் எதிர்த் திசையில் சுற்றுவதால் துண்டு வந்த வழியே திரும்பிப் பாய்ந்து பின்னால் இருந்த பீரோவில் பட்டது. அவன் பக்கவாட்டில் நின்றிருந்தான், தற்செயலாக. இரண்டு ரோலருக்கும் இடையிலான தூரத்தைவிட நீளம் குறைந்த எதையும் உள்ளே விடக் கூடாது. விட்டே ஆக வேண்டுமென்றால் அதே கனமுள்ள, வீணானாலும் பரவாயில்லாத மரச் சட்டங்களை இரண்டு பக்கமும் ஒட்டி நீளமாக்கி விட வேண்டும். நிற்பது எப்போதும் மரத்தின் பாதைக்குப் பக்கத்தில். விரல் விஷயமும் இங்கேதான் வருகிறது: பலகையைக் கன்வேயரில் வைத்து அது பிடித்ததும் கையை எடுத்துவிட வேண்டும், ரோலருக்குள் போகிறவரை அழுத்திக்கொண்டு கூடப் போகக் கூடாது. பெல்ட் மெதுவாகத்தான் போகிறது என்பதால் வருகிற தைரியம் அது, ஆனால் பலகைக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் விரல் மாட்டினால் இழுத்துக்கொள்வதற்கு வேகம் தேவையில்லை. கையுறை, தொங்குகிற லுங்கி முனை, கையில் கட்டிய கயிறு எதுவும் அங்கே ஆகாது. டிரம் கவரில், திறந்தால் மெஷினை நிறுத்திவிடும் லிமிட் சுவிட்ச் இருந்தது, அதை ஒரு ஒயர் துண்டால் கட்டி எப்போதும் "மூடியிருக்கிற" மாதிரி ஏமாற்றி வைத்திருந்தார்கள். அதை நான் அன்றைக்கே அவிழ்த்துவிட்டேன், கேட்டுக்கொண்டு அவிழ்க்கவில்லை.

மாற்றச் சொன்னவற்றில் பாதியை உடனே ஒத்துக்கொண்டார்கள். பழைய மரம் எல்லாவற்றையும் கையில் பிடிக்கிற மெட்டல் டிடெக்டரால் தடவிவிட்டுத்தான் உள்ளே எடுப்பது, பாலிஷைச் சுரண்டி எடுத்தபிறகே சாண்டரில் விடுவது, ரிலேயை 7.5க்குக் கொண்டுவந்து மூடியில் சீல் வைப்பது, மாற்றுத் தாள் ஒரு ரோல் எப்போதும் கையிருப்பில் வைப்பது. தாளைச் சுத்தம் செய்ய கிரேப் ரப்பர் கட்டி வாங்கச் சொன்னேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டே தன் பழைய கிரேப் செருப்பை அறுத்து எடுத்து வந்தார், வேலையும் செய்தது. ஒரு நீளப் பலகையின் மேல் அதை ஒட்டி, டிரம் ஓடும்போது கன்வேயரில் விட்டால் அடைந்த பிசின் உருண்டு வந்துவிடும், ஆனால் கருகிக் கண்ணாடியாகிவிட்ட இடத்துக்கு அது பயன்படாது. அங்கே தாளை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

தகராறு வந்தது நேரத்தில்தான். ஆழத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு பலகையும் இரண்டு மடங்கு தடவை போக வேண்டும், கூலி யார் தருவது என்றார் முதலாளி. மிஞ்சிய பலகையில் இரண்டை எடுத்து அங்கேயே ஓட்டிக் காட்டினேன், புதுத் தாள், அரைக்கால் சுற்று, கன்வேயர் முன்னைவிட வேகமாக. தடவைகள் கூடின, ஆனால் கோடு விழவில்லை, டிரிப் ஆகவில்லை, கருகல் கோட்டைக் கையால் தேய்த்து எடுக்க மேஸ்திரி உட்கார வேண்டியிருக்கவில்லை. முழுதாக ஒத்துக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன், "பார்க்கலாம்ப்பா" என்றார்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. சாண்டர் ஓடிய நாளில் தூளைப் பையிலேயே விட்டுவிட்டுப் பூட்டக் கூடாது. கடைசிப் பலகை போனதும் கலெக்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுக் குழாயைக் காலி செய்ய வேண்டும், பிறகு பையை அவிழ்த்து, மூடியுள்ள இரும்பு டிரம்மில் மெதுவாகக் கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, பட்டறைச் சுவரிலிருந்து தள்ளி வெட்டவெளியில் வைக்க வேண்டும். வாட்ச்மேன் அண்ணன் எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் அந்த டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார், சூடு தெரிந்தால் மூடியைத் திறக்காமல் முதலில் மேஸ்திரிக்குப் போன் போட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.